நாரி நோவும் நல்லெண்ணெயும்

கொல்ப் ஆட்டத்தைப் பற்றிக் கல்லூரி விழா மலரொன்றில் எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். நம் மைதானத்திலே துடுப்பாட்டம் வளர்ந்தது; உதைபந்தாட்டம் வளர்ந்தது; கொல்ப் மட்டையை அங்கே எவரும் ஓங்கக் கண்டதில்லை. ஓங்கியிருந்தால் அதிபர் அறையின் கண்ணாடிகள் தப்பியிரா. எனினும், உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய பழைய மாணவர் பலர் இன்று இவ்வாட்டத்திலே பெரிதும் ஈடுபாடு கொண்டுள்ளனர். கொழும்பில் 1879ஆம் ஆண்டிலும் நுவரெலியாவில் 1889ஆம் ஆண்டிலும் ஆங்கிலேயர் நிறுவிய கழகங்களில் நம்மவர் ஆடுகின்றனர். மெல்பேண், இலண்டன், ரொறன்ரோ முதலிய நகரங்களிலே குடியேறியோருள் வார இறுதியில் மட்டைப் பையுடன் புறப்படுவோரும் உளர். அறுபது வயது கடந்த ஒருவருக்குத் திறந்த வெளியிலே ஆறேழு கிலோமீற்றர் நடக்கும் வாய்ப்பையும் நண்பர் கூட்டத்தையும் ஒருங்கே அளிக்கும் ஆட்டம் வேறு அதிகமில்லை. ஆகவே அவர்கள் அதனை விரும்புவதை நான் வரவேற்கின்றேன்.

ஆனால் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல்களில் நான் கேட்கும் பேச்சு கவலை தருவதாயுள்ளது. முன்னர், எவர் எந்த ஆண்டிலே எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பது பற்றியே வாதம் நிகழும். இப்பொழுது நாரி நோவைப் பற்றியும் முழங்கை உளைவைப் பற்றியுமே உரையாடல் நிகழ்கின்றது. அவ்வுரையாடலின் முடிவும் பெரும்பாலும் ஒன்றே. இன்ன எண்ணெய் நல்லது, இன்ன இடத்தில் உருவிவிடுபவர் கைராசிக்காரர், இரண்டு நாள் உருவினால் மூன்றாம் நாள் ஆடலாம் என்பதாகும். அவ்வாறே உருவுவிக்கின்றனர், மூன்றாம் நாள் ஆடுகின்றனர், ஓராண்டு ஈராண்டிலே மட்டைகளை மருமகனுக்குக் கொடுத்துவிட்டுச் சாய்மனைக் கதிரையில் அமர்ந்துவிடுகின்றனர். நடந்து திரிந்த மனிதர் இவ்வாறு அமர்ந்துவிடுவதையே நான் பெரிய நட்டமாகக் கருதுகின்றேன். நோவை ஆற்றும் கையை, நோவின் காரணத்தையும் நீக்கும் கையென நம்பிவிடுவதாலேயே இந்நட்டம் நேர்கின்றது என்பது என் துணிபு.

கொல்ப் ஒரு மென்மையான ஆட்டம், முதியோர்க்கு ஏற்றது என்பது பொதுவான எண்ணம். பந்து அசையாது கிடக்கின்றது, எதிரி எவரும் மோதுவதில்லை, ஓடவேண்டியதுமில்லை. இவையெல்லாம் மெய்யே. ஆயினும் மட்டை மேலிருந்து இறங்கிப் பந்தை அடிக்கும் நேரம் ஏறக்குறையக் கால் வினாடி மாத்திரமே. அந்தக் கால் வினாடியிலே மட்டையின் தலை மணிக்கு நூற்றைம்பது கிலோமீற்றர் அளவான வேகத்தைப் பெறுகின்றது. அவ்வேகத்தை அளிப்பவை கால்களும் இடுப்பும் உடலின் நடுப்பகுதியுமேயன்றிக் கைகள் மட்டுமல்ல. 1990ஆம் ஆண்டளவிலே அமெரிக்க ஆய்வாளர் கணித்தபடி, அவ்வேளை முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியிலே உடல் நிறையின் எட்டு மடங்களவான அமுக்கம் ஏற்படுகின்றது. எழுபது கிலோ நிறையுள்ள ஒருவரின் நாரி, நெல் மூடைகள் பத்தை ஒரு கணம் தாங்குவதற்கு இது ஒப்பாகும். தொண்ணூறு அடிகளில் ஆட்டத்தை முடிப்பவர், குழியருகே மெல்லத் தட்டுவன நீங்கலாக, ஐம்பது தடவைக்குமேல் இவ்வாறு வீசுகின்றார். பந்தை அடியாது ஒத்திகையாக வீசுவனவற்றையும் சேர்த்தால் நூறாகும். இதனை மென்மையான ஆட்டமென்பது பார்வையாளரின் முடிவு.

இனி நாரியின் அமைப்பை நோக்குவோம். முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியிலுள்ள ஐந்து என்புகளும் குனியவும் நிமிரவும் வல்லவை; ஆனால் பக்கமாகத் திரும்புவதில் ஒவ்வொன்றுக்கும் இரண்டொரு பாகையளவே இடமுண்டு. மட்டையை ஓங்கும்போது தோள்கள் தொண்ணூறு பாகை வரை திரும்பவேண்டியிருக்கின்றது. அத்திருப்பத்தை உண்மையில் அளிக்கவேண்டியவை மேலேயுள்ள மார்புப் பகுதி முள்ளந்தண்டும் கீழேயுள்ள இடுப்பு மூட்டுகளும் ஆகும். முப்பத்தைந்து ஆண்டுகள் கந்தோர் நாற்காலியில் அமர்ந்து கோப்புகளின்மேற் குனிந்திருந்த ஒருவருக்கு இவ்விரண்டும் இறுகிப் போயிருக்கும். மேலும் திரும்பாது, கீழும் திரும்பாது. இடையில் அகப்பட்ட நாரியே தன் எல்லையைக் கடந்து முறுகும். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரரை ஆராய்ந்து 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, நாரி நோவுக்கு ஆளானோரிடத்தே முன்காலின் இடுப்பு மூட்டு உட்புறமாகத் திரும்பும் அளவு குறைந்திருந்ததாகக் காட்டியது. வலக்கையாளருக்கு அது இடது இடுப்பு. நோவது நாரி, இறுகியிருப்பது இடுப்பு. எண்ணெய் பூசப்படுவதோ நாரிக்கு!

தைகர் வூட்ஸ் என்னும் உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரரின் வரலாற்றை இளைஞரும் அறிவர். அவருக்கு நாரியிலே பலமுறை சத்திரசிகிச்சை நிகழ்ந்தது. 2017ஆம் ஆண்டு ஏப்ரிலில் கீழ் முள்ளந்தண்டின் இரு என்புகளை ஒன்றாகப் பிணைத்தனர். 2019ஆம் ஆண்டில், நாற்பத்து மூன்றாம் வயதிலே, அவர் மீண்டும் மாஸ்ரேர்ஸ் போட்டியில் வெற்றியீட்டினார். அவ்வளவு செல்வமும் புகழும் உடையவருக்கு உருவிவிட ஆள் கிடையாமற் போயிற்றென எவரும் சொல்லார். அவருடைய நோவு அளவுக்கு மிஞ்சிய பயிற்சியால் விளைந்தது. நம்மவர் நோவோ பெரும்பாலும் போதிய பயிற்சியின்மையாலும், பிழையான வீச்சினாலும், ஆயத்தமின்றி ஆடத் தொடங்குவதாலும் விளைகின்றது. இவ்வேறுபாட்டை மறந்து அவருடைய சிகிச்சைகளை நாம் பின்பற்றுவதிற் பயனில்லை.

நாரிக்கு அடுத்தபடியாக நோவது முழங்கை. உட்புற நோவுக்கு ‘கொல்ப் முழங்கை’ என்றே பெயரிட்டுள்ளனர். வலக்கையாளருக்கு அது பெரும்பாலும் வலக்கையிலே தோன்றும். வெளிப்புற நோவுக்கு ‘ரெனிஸ் முழங்கை’ என்று பெயர். ஆனால் ரெனிஸ் மட்டையைத் தொட்டறியாத கொல்ப் ஆட்டக்காரரையும் அது விடுவதில்லை. இரண்டிலும் பழுதுறுவது தசைநாண். நாட்பட்ட இந்நோவு வெறும் அழற்சி அன்று, நாணின் இழைகள் தளர்ந்து சீர்கெட்ட நிலை என்பதே இக்கால வைத்தியர் கொள்கை. ஊசி மருந்தேற்றினால் சில வாரங்களுக்கு அற்புதமாகச் சுகம் தெரியும். ஓராண்டு கழித்துப் பார்க்கையில் ஊசி ஏற்றாதோரே நன்னிலையில் இருந்தனர் என அவுஸ்திரேலிய ஆய்வுகள் கண்டன. முன்கையை உருவினால் இறுக்கம் தளரும், நோவும் தணியும். நாணை மீண்டும் வலுப்படுத்துவது அளவாகச் சுமை கொடுத்துப் பழக்குவதேயாகும். ஒரு கிலோ நிறையொன்றைக் கையிற் பிடித்து, மேசை விளிம்பிலே முன்கையை வைத்து, மணிக்கட்டை மெல்ல மெல்லக் கீழே இறக்குதல் அப்பழக்கங்களுள் ஒன்று. இதற்கு மாதக்கணக்கிற் பொறுமை வேண்டும். பொறுமையில்லாதவர் எண்ணெய்ப் போத்தலையே நாடுவர்.

இவ்வளவு கூறியதால் உருவுதலை நான் இகழ்வதாக எண்ணலாகாது. நம் பாட்டிமார் கைப்பிடியிலே சுகம் கண்டு வளர்ந்தவன் நான். ஆட்டத்துக்கு மறுநாள் தோன்றும் தசை உளைவு உருவுவதாற் குறையும் என்பதற்குச் சான்றுண்டு. நாட்பட்ட நாரி நோவும் சில காலம் தணியும். நித்திரை நன்றாக வரும். மறுப்பதற்கில்லை. நான் மறுப்பது அதற்குக் கற்பிக்கப்படும் காரணங்களையே. தசையில் தேங்கிய இலக்ரிக் அமிலத்தை உருவுதல் பிழிந்து வெளியேற்றும் என்கின்றனர். ஆடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் அவ்வமிலம் தானாகவே பெரும்பாலும் நீங்கிவிடும். மறுநாள் உளைவுக்கு அது காரணமுமன்று. 2010ஆம் ஆண்டில் கனடாவிலே இதனைச் சோதித்தவர்கள், உருவும்போது இரத்த ஓட்டம் தடைப்பட்டு அமிலம் நீங்குவது சற்றே தாமதமாவதைக் கண்டனர். நோவு தணிவது நரம்பு மண்டலம் அமைதியுறுவதால் என்றே கொள்ளவேண்டியிருக்கின்றது. அதுவும் சிறிய நன்மையன்று. ஆயினும் நோவு தணிந்த நாளை நோய் தீர்ந்த நாளாகக் கொண்டு மறுபடியும் பதினெட்டுக் குழி ஆடப் புறப்படுவது தவறு.

நம் சித்த வைத்தியத்திலே தொக்கணம் என்னும் முறை உண்டு. உருவுதலை அது தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பதாக வகுக்கின்றது. இவ்வொன்பதிலே இழுத்தலும் அசைத்தலும் முறுக்கலும் இருப்பதை வாசகர் கவனித்தல் வேண்டும். மூட்டை இழுத்து, அசைத்து, அது செல்லவேண்டிய எல்லைவரை கொண்டுசென்று திருப்புதலும் சிகிச்சையின் பகுதியென நம் முன்னோர் கண்டிருந்தனர். நாம் அவற்றையெல்லாம் விட்டு, அழுத்தலையும் தடவலையும் மாத்திரம் வைத்துக்கொண்டோம். படுத்திருப்பவருக்கு அவை இதமானவை. அதனாற்போலும் அவை நிலைத்தன.

இனி நீட்டற் பயிற்சி. உருவுதலில் நம்பிக்கை குறைந்த இளந்தலைமுறையினர் இதனை முழுமையாக நம்புகின்றனர். முதற் பந்தை அடிக்குமுன் குனிந்து கால்விரலைத் தொட்டு அரை நிமிடம் நின்றால் காயம் வராது என்பது அவர்கள் துணிபு. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றிலே, அவுஸ்திரேலியப் படையிற் புதிதாகச் சேர்ந்த 1,538 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் பயிற்சிக்கு முன் கால் தசைகளை நீட்டினர், மற்றவர் நீட்டவில்லை. காயங்களின் தொகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நீட்டுதல் மறுநாள் உளைவையும் குறைப்பதில்லையென 2002ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோர் முடிவுசெய்தனர். கொல்ப் ஆட்டக்காரரையே கொண்டு 2009ஆம் ஆண்டில் நிகழ்த்திய சோதனையிலே, அசையாது நின்று நீண்டநேரம் தசையை இழுத்த பின்னர் அடித்த பந்து குறைந்த தூரமே சென்றது, குறியும் தவறியது.

அவ்வாறாயின் நீட்டற் பயிற்சி வீணோ? வீணன்று, செய்யும் வேளைதான் பிழை. இறுகிப்போன இடுப்பையும் மார்பையும் தளர்த்த அதனை நாள்தோறும் வீட்டிலே, மாலை வேளையில், உடல் சூடாயிருக்கும்போது செய்யவேண்டும். ஆட்டத் திடலில் முதற் பந்துக்கு முன் செய்வதற்குரியது அதுவன்று. அறுபத்தைந்து வயது கடந்தோர் ஒவ்வொரு நீட்டலையும் ஒரு நிமிடம் வரை நிறுத்துவது முப்பது வினாடி நிறுத்துவதிலும் பயன் தருமென 2001ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. முதியோர் தசைக்குப் பொழுது சற்று அதிகம் வேண்டும் என்பதில் வியப்பில்லை. நாற்காலியில் அமர்ந்து ஒரு கணுக்காலை மறு முழங்காலின்மேல் வைத்து முன்சாய்தல் இடுப்புக்கு உகந்தது. நிலத்திலே பக்கவாட்டாகப் படுத்து முழங்கால்களை மடித்து, மேற்கையை மறுபுறம் மெல்லத் திறந்து விரித்தல் மார்புப் பகுதிக்கு உகந்தது. இரண்டுக்கும் பாயொன்றும் நாற்காலியொன்றுமே வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு வலிக்க வலிக்க இழுப்பது மாத்திரம் கூடாது.

ஆட்டத்துக்கு முன் வேண்டுவது உடலைச் சூடாக்குதல். இதிலேதான் நம்மவர் பெரிதும் தவறுகின்றனர், நம்மவர் மாத்திரமல்லர். 2001ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டக்காரரை மறைவாக நின்று கவனித்தபோது, ஏறக்குறையப் பாதிப்பேர் எவ்வித ஆயத்தமுமின்றி முதற் பந்தை அடித்தனர். ஏனையோருள் மிகப் பலர் செய்ததும் வெறும் காற்றிலே மட்டையை வீசியதுதான். வாகனத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்து வந்து, இறங்கிய உடனே மிக நீண்ட மட்டையை எடுத்து, நண்பர் பார்த்திருக்க, உள்ள வலுவையெல்லாம் கூட்டி முதற் பந்தை அடிக்கும் வழக்கத்தைக் காட்டிலும் நாரிக்குப் பொல்லாதது வேறில்லை. ஆறாயிரம் அடிக்கு மேல் உயரமுள்ள நுவரெலியாவின் குளிர்காலையில் இது இன்னும் ஆபத்தானது.

பத்து நிமிடம் முன்னதாக வாருங்கள். முதல் மூன்று நிமிடம் விறுவிறுப்பாக நடவுங்கள். பின் மட்டையொன்றை ஊன்றுகோலாகப் பிடித்து ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும், இடமும் வலமும் பத்துத் தடவை ஊஞ்சல்போல் ஆட்டுங்கள். மட்டையைத் தோள்களின் குறுக்கே வைத்து, பாதங்கள் நிலத்திலிருக்க, இடுப்பையும் மார்பையும் இருபுறமும் திருப்புங்கள். முதலிற் சிறிதாக, பின்னர் பெரிதாக. கைகளை வட்டமாகச் சுழற்றுங்கள். கதிரையிலிருந்து எழுவதுபோலப் பத்து முறை தாழ்ந்து எழுங்கள். பின்னர் குறுகிய மட்டையால் அரை வீச்சாகச் சில, முக்கால் வீச்சாகச் சில. நீண்ட மட்டை இறுதியிலே வருதல் வேண்டும். இதைச் செய்யும்போது இளைஞர் நகைப்பராயின் நகைக்கட்டும். தென்னாபிரிக்காவின் கரி பிளேயர், கொல்ப் ஆட்டக்காரன் நிறை தூக்கினால் கெட்டுவிடுவான் எனப் பலரும் நம்பிய காலத்திலேயே நிறை தூக்கிப் பயின்றவர். நகைத்தவர்களின் பெயர் இன்று எவருக்கும் நினைவில்லை. அவரோ தலையாய போட்டிகள் ஒன்பதில் வென்றார்.

சூடும் உருவுதலும் தக்க இடத்தில் எவ்வளவு உதவும் என்பதற்கு பென் ஹோகனின் வாழ்க்கை சான்றாகும். 1949ஆம் ஆண்டு பெப்ருவரியில் அவருடைய மோட்டார் வண்டியின்மீது பேருந்தொன்று மோதியது. இனி நடப்பதே அரிது என்றனர் வைத்தியர். மறு ஆண்டிலேயே அமெரிக்கப் பகிரங்கப் போட்டியிலே வென்றார். கால்களை நெடுநேரம் வெந்நீரில் ஊறவைத்து, துணிப்பட்டி சுற்றியே அவர் ஒவ்வொரு நாளும் ஆடச் சென்றார். ஆனால் அவ்வெந்நீர், அடியடியாக நடந்து பழகிக் கால்களை மீண்டும் வலுப்படுத்திய மனிதனுக்குத் துணையாய் நின்ற வெந்நீர். நடவாதிருந்தவனை அது நடக்கச் செய்யவில்லை.

எந்நோவை உருவலாகாது என்பதையும் சொல்லியாகவேண்டும். இதிலே உயிரே தங்கியுள்ளது. நாரி நோவுடன் இரு கால்களும் மரத்தல், அமரும் பகுதியில் உணர்ச்சி குன்றுதல், சிறுநீர் கழிப்பதில் தடை இவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நெடுந்தூர விமானப் பயணத்தின் பின் ஒரு கெண்டைக்கால் மாத்திரம் வீங்கி நொந்தால் அங்கே இரத்தக்கட்டி இருக்கலாம். அதனை உருவுவது கட்டியை நெஞ்சுக்கு அனுப்புவதாகலாம். கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் விழாவுக்கு வரும் நண்பர்கள் இதனைச் சிறப்பாக மனங்கொள்வாராக. இடது தோளும் புயமும் உளைந்து வியர்வை பெருகுமாயின், அது வீச்சினால் வந்த நோவென்று எண்ணெய் தேடும் நேரமன்று. மட்டை நிலத்தைப் பலமாகத் தாக்கிய பின் இடது உள்ளங்கையின் சுண்டுவிரற் பக்கம் நீங்காது நொந்தால், அங்கே கொக்கிபோன்ற சிறு என்பொன்று முறிந்திருக்கக்கூடும். சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்திலே அது தப்பிவிடுவதுமுண்டு. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரும் என்புத் தேய்வுடையோரும் உருவுபவரிடம் அதனை முன்னரே கூறவேண்டும். கூறினால் நல்லவர் கையை இலேசாக்குவர். இலேசாக்காதவரிடம் மறுபடி போகவேண்டியதில்லை.

கொல்ப் காயங்களைப் பற்றிப் பேசும் எவரும் மறந்துவிடும் ஒருவர் உண்டு. அவர் மட்டைப் பையைச் சுமப்பவர். பத்துப் பன்னிரண்டு கிலோ நிறையை ஒரே தோளில் மாட்டி, நாம் நடக்கும் அதே தூரத்தை நமக்கு முன்னே நடப்பவர். பந்தைத் தேடிப் பற்றையினுள்ளும் புகுபவர். சில நாட்களில் ஒரே நாளிலே இருமுறை சுமப்பவர். உறுப்பினரின் நாரிக்குச் சூட்டு ஒத்தடமும் உருவுதலும் உண்டு. இவருடைய நாரிக்கு மறுநாட் சுமையே உண்டு. இருதோட் பட்டியுள்ள பையை வாங்குவதும், வேண்டாத மட்டைகளை வீட்டில் விட்டு வருவதும், உருளியில் வைத்து இழுக்க இடமுள்ள திடலிலே இழுக்கச் செய்வதும் உறுப்பினர் ஒவ்வொருவராலும் ஆகக்கூடியவை. ஒரே ஆட்டத்தில் பதினான்கு மட்டையையும் பயன்படுத்தும் நம்மவர் எவரையும் நான் இதுவரை கண்டதில்லை.

கல்லூரிக்கும் இதில் ஒரு பங்குண்டு. அறுபதில் இறுகும் இடுப்பு பதினாறிலேயே இறுகத் தொடங்குகின்றது. காலையிற் பாடசாலை, மாலையில் ரியூசன் வகுப்பு, இரவில் மேசை என்று நாளெல்லாம் அமர்ந்திருக்கும் மாணவன், வாரத்தில் ஒருநாள் திடீரென மைதானத்தில் இறங்கி வேகப்பந்து வீசுகின்றான். நாரியைப் பிடித்துக்கொண்டு திரும்புகின்றான். வீட்டிலே தாயார் எண்ணெய் சூடாக்குகின்றார். இவ்விழாவையொட்டிப் பழைய மாணவர் சேகரிக்கும் நிதியிலே பார்வையாளர் மண்டபத்துக்கெனப் பெருந்தொகை ஒதுக்கப்படுவதாக அறிகின்றேன். அதில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, தவணைக்கு இருமுறையாவது இயன்மருத்துவர் ஒருவரை வரவழைத்து, விளையாட்டு அணிகளின் பொறுப்பாசிரியர்க்கும் மாணவ தலைவர்க்கும் முறையான ஆயத்தப் பயிற்சியைக் கற்பிக்கலாம். சித்த வைத்தியர் ஒருவரும் உடன் வந்து தொக்கணத்தின் ஒன்பது வகையையும் செய்து காட்டுவாராயின் மிக நன்று.

இதனை ஒரு பிரேரணையாக எழுதி, அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் சமர்ப்பிக்க எண்ணியுள்ளேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். கூட்டம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னதாக வருபவராயின் விசேடம்.